பலகையின் இடப்பாதி

படகு கோணலாகப் போனதற்கு அமிர்தசாமி யாரைத்தான் திட்டவில்லை? காற்றைத் திட்டினார், துடுப்பு செய்த ஆசாரியைத் திட்டினார். திண்டிவனம் தாலுகா மரக்காணத்தில் உப்பு ஏற்றும் படகுக்காரர் அவர். மாதா திருவிழாப் படகுப் பந்தயத்தில் அவரும் கூட்டாளி அடைக்கலராஜும் ஒரே பலகையில், அடைக்கலராஜ் இடப்பாதியிலும் அவர் வலப்பாதியிலுமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு துடுப்பு வலித்து வருஷா வருஷம் ஜெயித்தவர்கள். நாற்பத்தோராம் வருஷ யுத்தத்தில் பட்டாளத்தோடு சிங்கப்பூர் போன அடைக்கலராஜைப் பற்றி அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

வேறு யாரையும் சேர்த்துக்கொள்ள அமிர்தசாமிக்கு மனசில்லை. ஒற்றையாள் பந்தயத்துக்குக் கழுவெளி ஏரியில் தினமும் தனியாகப் பழகினார். துடுப்பைச் செதுக்கினார், பிடியை மாற்றினார். அப்படியும் படகு வலப்பக்கம் சாய்ந்து, வளைந்தே போனது.

கரையில் போன உப்பளத்துக்காரி சவுரியம்மாள் நின்று பார்த்தாள்.

"இன்னாண்ணே, ஓரமா குந்திக்கினு ரெண்டு துடுப்பையும் வலிச்சா எப்படி நேராப் போவும்? நடுவுல குந்தேன்."

"ஒன் வேலையப் பாத்துக்கினு போ!"

அவள் கண்ணுக்கு மறையும்வரை காத்திருந்தார். பிறகு நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்து வலித்தார்.

படகு நேராகப் போனது. பலகையில் இன்னொருவருக்கு இடம் இல்லை.