பிரேம்நாத் சுத்தம் செய்கிறான்

காப்பி பாதி மிச்சம் இருக்கும்போதே டம்ளரை உருவிக்கொண்டு போய்விடுவான் பிரேம்நாத். "ஆறிப்போச்சே ஆயா, எதுக்கு அடைசலு?" நாக்கு சுட்டது எனக்கல்லவா தெரியும்! இவன் பிறந்த அன்று மருத்துவச்சி கைகழுவித் திரும்புவதற்குள் தன் துணியைத் தானே மடித்துவைத்தான் என்று அவன் அம்மா பூவம்மாள் சொன்னால், சத்தியமாக நம்புவேன்.

செவிலிமேட்டில் எங்கள் வீட்டு மாடியில்தான் சபாபதியின் டிசைன் சென்டர். பெரியநாயகி கட்டத்தாளில் வரைகிற சேலை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தறியில் டிசைன் விழ வழிகாட்டும் துளை அட்டை குத்தக் கொடுப்பது பிரேம்நாத்தின் வேலை. ஏற்றிய கையோடு தாளைக் கிழித்துப் போட்டுவிடுவான். அதுவும் போதாமல், "டிஸ்க்கு ரொம்பிக்கினே போவுதுபா" என்று பெர்ல் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். அதற்குள்ளிருந்தே யூனிக்ஸின் ஃபைண்ட், ஆர்எம் என்கிற இரண்டு கட்டளைகளை ஏவிவிடுவான். ஒரு மாதமாக யாரும் கைவைக்காத கோப்பை முன்னது தேடும், பின்னது அழிக்கும். 'நிஜமாகவா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. குப்பைத்தொட்டியில்கூடப் போடாது.

"அழிச்சா அழிச்சதுதான். அதான் ஆயா அதும் அழகு!"

ஆடி வந்தது. ஆடியில் கல்யாண டிசைனைத் தொடவே கூடாது என்பது சபாபதியின் கண்டிப்பு. ஸ்கிரிப்டுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது? தொடாததெல்லாம் குப்பை.

போனவற்றில் ஒன்று, நெசவாளி கண்ணாயிரம் தன் மகள் தீபிகாவுக்கென்றே நெய்துகொண்டிருந்த முகூர்த்தச் சேலையின் முந்தி டிசைன். சேலையின் உடல் நெய்து முடிந்துவிட்டது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். ஆடி முடிந்த கையோடு முந்திக்கு அட்டை வாங்க வந்து நின்றார்.

"எங்கப்பா முந்தி?"

"பழசுன்னு போயிடுச்சுண்ணே."

"பழசா? அது இன்னும் பொறக்கவே இல்லியேடா! என் பொண்ணு பாதிப் பொடவையக் கட்டிக்கினு மணையில குந்துமா?"

அதிசயமாக, அன்று பிரேம்நாத் எதையும் துடைக்கவில்லை. கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பெரியநாயகி எழுந்து தன் நாற்காலி மெத்தையைத் தூக்கினாள். அடியில், சூடு ஆறாமல், அவன் கிழிக்குமுன் அவள் உருவி ஒளித்திருந்த அந்த முந்தியின் கட்டத்தாள்.

"உன் கண்ணுக்குத் தப்ப வேற எங்கடா வைக்கிறது?"

கட்டம் கட்டமாக மறுபடி ஏற்றினான். குத்தி வந்த அட்டைக்கட்டை அணைத்துக்கொண்டு கண்ணாயிரம் தறிக்கு ஓடினார். மேஜைமேல் தாள் தனியாகக் கிடந்தது. பிரேம்நாத்தின் விரல்கள் அதைப் பாதி கசக்கிவிட்டு நின்றன. நீவினான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பெரியநாயகியிடம் நீட்டினான்.

"எங்க வைக்கிறேன்னு மட்டும் எனக்குச் சொல்லாதக்கா."