மூங்கிலில் ஏறிய புடலை

என் வீட்டுக்காரருக்குக் காலில் சக்கரம். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை. வேலையை மாற்றமாட்டார், குடியிருக்கும் வீட்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பார். வீட்டுச் சொந்தக்காரர் சிரித்தால் கேலி என்பார், சிரிக்காவிட்டால் திமிர் என்பார். உடனே வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றுவிடும். லால்குடிப் பக்கம் வயலும் கொல்லையுமாக வளர்ந்தவள் நான். போன இடத்தில் எல்லாம் விதை ஊன்றுவேன். பூ விடும். வண்டி வரும். என் அவரையை யாரோ பறித்தார்கள், என் வெண்டையை யாரோ வதக்கித் தின்றார்கள். வயிறு எரியாதா?

ஸ்ரீரங்கத்தில் மாடிப் போர்ஷனுக்கு வந்தபோது முடிவு கட்டினேன். இனி தரையில் ஒரு விதையும் கிடையாது. மண்ணெண்ணெய் டின்னின் மேல்பக்கத்தை வெட்டி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். கைப்பிடி போன வாளி, விரிசல் விட்ட தவலை, பட்டறை கிரீஸ் டப்பா, எதையும் விடவில்லை. வாய்க்கால் வண்டலைக் கூடையில் சுமந்து படியேற்றி, போர்ஷனை ஒட்டிய மொட்டைமாடியில் வைத்து நிரப்பினேன்.

"என்னடி இது, காயலான் கடையா?" என்றார்.

"போற எடத்துக்குத் தூக்கிட்டுப் போலாமில்லீங்க" என்றேன்.

ஆடிப்பட்டம் வரை பொறுக்க மனசில்லை. வைகாசியிலேயே மிளகாய், கத்தரி, ஒரு புடலை எல்லாம் போட்டுவிட்டேன்.

கீழே வீட்டுச் சொந்தக்கார மாமி. தனிக்கட்டை, மடி ஆசாரம் அதிகம். ஆனிக் கடைசியில் ஒருநாள் படியடியில் நின்று கத்தினாள்.

"ஏண்டிம்மா, உன் டின் தண்ணியெல்லாம் என் அடுக்களையில சொட்டறதே!"

நான் டின்களை நகர்த்திவைத்து, தீர்ந்தது என்று நினைத்தேன். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மறுநாளே காட்டூரில் வீடு பேசிவிட்டு வந்தார். நல்லவேளை, ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். புடலைக்கு ஒரு மாதம் வாய்தா கிடைத்தது.

அந்த மாதம் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடுவேன். சோறு அடிப்பிடிக்கும். பாதி கோலத்தில் எழுந்து ஓடுவேன். மாமி தன் மடிப்புடவையை உலர்த்த மொட்டைமாடியில் ஒரு மூங்கில் கட்டியிருந்தாள். குளித்துவிட்டு அவள் மட்டும்தான் அதைத் தொடலாம். நான் கட்டிய கயிற்றை விட்டுவிட்டு, புடலை நேரே போய் அந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டது. அட பாவி! நான் எடுத்துவிடவும் முடியாது. மாமி வந்து பார்த்தபோது எனக்கு உயிரே இல்லை.

"செடிகொடிக்கெல்லாம் தீட்டு, விழுப்பு கிடையாது, உனக்குத்தான் உண்டு" என்றாள். "நீ மூங்கிலைத் தொடாதே. அது ஏறட்டும்."

அன்றிலிருந்து புடவையைக் கீழே தாழ்வாரத்தில் உலர்த்தினாள்.

ஆவணி பிறந்ததும் வண்டி வந்தது. மூங்கிலில் பின்னிக்கொண்ட புடலை டின்னைத் தவிர மற்ற டின்களையெல்லாம் நானே ஏற்றினேன். புடலையில் அப்போதுதான் ஒரு பிஞ்சு இறங்கியிருந்தது. சுருண்டுபோகாமல் நேராக வளர நுனியில் கல் கட்டியிருந்தேன்.

இவர் மேலே வந்தார். "அறுத்துப் போட்டுட்டு வாடி. பெரிய புடலங்காய்!" என்று விரலை நீட்டிக் காட்டினார்.

அந்தக் கையைத் தட்டிவிட்டேன். "பிஞ்சை விரல் நீட்டிக் காட்டாதீங்க, வெம்பிப் போயிடும்! நீங்க போங்க. இதைப் பறிச்சுட்டுத்தான் நான் வருவேன்."

நானா பேசினேன் என்று எனக்கே திகைப்பாக இருந்தது. அவர் விடுவிடென்று படியிறங்கினார். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமி சோறு போட்டாள். ஆனால் இறங்கினால்தானே? தெருவில் சைக்கிள் மணி கேட்டால் கைப்பிடிச் சுவருக்கு ஓடுவேன். வேறு யாராவது போவார்கள். காய் நீள நீள எனக்குப் பயமும் நீண்டது. ஒரு காய்க்காகக் குடித்தனத்தையே விட்டுவிட்டேனோ?

"வராட்டா என்ன, நீ போயேன்" என்றாள் மாமி. "அவாளுக்கும் ரோஷம் இருக்காதா?"

காய் பதமானதும் பறித்தேன். மாமியின் பெருமாளுக்குப் பாதி கொடுத்துவிட்டு, மீதியைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். காட்டூர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. வாசலில் ஓரமாக என் டின்கள் எல்லாம் காலி. கோபத்தில் பிடுங்கி எறிந்துவிட்டாரா?

கொல்லைக்கு ஓடினேன். அவர் முட்டிவரை மண்ணோடு குந்தியிருந்தார். மிளகாயும் கத்தரியும் தரையில் வரிசை கோணலாக நின்றன. ஒன்றிரண்டு வாடியிருந்தன.

"ஏங்க டின்லேருந்து எடுத்தீங்க?"

அவர் நிமிரவில்லை. "டின்ல இருந்தா தூக்கிட்டுப் போயிடுவியேன்னுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதிப் புடலங்காயைப் பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தேன். உப்புக் கூடிப்போயிற்று. அவர் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

காலி டின்களைக் கழுவி, கட்டிலுக்கு அடியில் கவிழ்த்து வைத்தேன். இந்த மனுஷரை நம்ப முடியுமா? வண்டிச் சத்தம் கேட்டாலே ஒரு டின்னைக் கையில் எடுத்துவிடுவேன். அந்த வீட்டிலேயே, அந்தக் கட்டிலுக்கு அடியிலேயே, அத்தனை டின்னும் துருப்பிடித்து உதிர்ந்துபோயின.