வேரில் இருந்த சிவப்பு

எனக்குக் கோணலாகத்தான் எழுத வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னே நடந்தது பின்னே போய்விடும், பெயர்கள் மறந்துபோகும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். ஒன்று மட்டும் மறக்கவில்லை. எட்டு வயதில் என் கட்டைவிரல் நகத்துக்குள் ஏறிய சிவப்பு. பச்சைப் பயறை நசுக்கினால் வருமே அந்த வாசனையோடு, பிசுபிசுவென்று, ஒரு துளி. பாவாடையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் அன்றைக்கு அது போகவில்லை.

போன மாதம் வேளாண்மை படித்த ஒரு பெண் எங்கள் கொல்லைக்கு வந்து, அங்கங்கே மண்ணை அள்ளிப் பார்த்தாள். மற்ற இடத்து மண்ணையெல்லாம் கீழே போட்டுவிட்டாள். வேலி மூலையில் அள்ளியதை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஆயா, இந்த மூலையில மட்டும் என்ன போட்டீங்க? மண்ணு புட்டு மாதிரி உதிருதே" என்று கேட்டாள். ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. "ஒண்ணும் போடலம்மா" என்று சொல்லிவிட்டேன். அது பொய். என்ன போட்டோம் என்பதை இப்போது எழுதுகிறேன்.

எங்களுக்கு இருந்தது அரைக்காணி மானாவாரிக் கொல்லை. எங்கள் பக்கம் புன்செய் நிலத்தைத்தான் கொல்லை என்போம். மேற்கே கல்வராயன் மலையில் மேகம் இறங்கினால்தான் ஏர் பூட்டலாம். போடுவது "மல்லாட்டை". பள்ளிக்கூடத்தில் வேர்க்கடலை என்று எழுதுவோம், வாயில் வருவது மல்லாட்டைதான். அந்த வருஷம் ஆடி பிறந்ததும் என் தம்பி செத்துப்போனான். மூன்று மாதப் பிள்ளை. பெயர்கூட வைக்கவில்லை, "சின்னவன்" என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு நாள் காய்ச்சல். சின்னசேலம் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கட்டுவதற்குள் அடங்கிவிட்டான்.

எங்களில் கைப்பிள்ளை செத்தால் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அப்பா அவனைத் துணியில் சுற்றி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். பெண்கள் கூடப் போகக்கூடாது. எந்த இடம் என்று தாய்க்குச் சொல்லவும் கூடாது. "எடம் தெரிஞ்சா தாய்க்காரி காலு அங்கியே நின்னுடும், அடுத்தது வவுத்துல தங்காது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். புதைத்த இடத்தை நரி தோண்டாமலிருக்க முள் வெட்டிப் போடுவது வழக்கம். அந்த முள்ளைப் பார்த்து அம்மா கண்டுபிடித்துவிடுவாளே என்று, அப்பா வேலி நெடுக நாலு பக்கமும் முள் வெட்டிப் போட்டுவிட்டு, கையெல்லாம் கீறலோடு வீட்டுக்கு வந்தார்.

எட்டாம் நாள் மழை விழுந்தது. ஏர் பூட்டி விதை போட்டார்கள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. பால் கட்டிக்கொண்டது. வற்றட்டும் என்று மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டினார்கள், அவள் பிய்த்துப் போட்டாள். பாலைக் கிண்ணியில் பீய்ச்சி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கால் படுகிற இடத்தில் ஊற்றக்கூடாது என்பார்கள். "எங்கடி ஊத்தறது?" என்று என்னைக் கேட்பாள். ஒரு மாதத்துக்கு மேல் அவள் என்னோடு பேசிய பேச்சு அது ஒன்றுதான். சோறு வைத்தால் வைத்தபடியே இருக்கும். மாரியம்மன் கோயில் பக்கத்தில் ஒருத்தி இப்படியே கிடந்து மூன்றாம் மாதம் செத்தாள் என்று பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. இவளும் போய்விடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஆவணியில் களை வெட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா அத்தைதான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அம்மா களைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் வேலி மூலையில் கோரையை வெட்டப் போய்ச் செடியையே வேரோடு பெயர்த்துவிட்டேன். அத்தைக்குக் கழுத்திலும் கண் உண்டு.

"இன்னாடி, களைய வுட்டுட்டு செடிய புடுங்கிக்கினு கீற? உங்கப்பன் பாத்தான்னா அந்தக் குழியில உன்னிய நட்டுட்டுப் பூடுவான்!"

களை வெட்ட வந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சொன்ன பிறகுதான் அத்தை தான் சொன்னதை யோசித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். நான் செடியை மறைக்கத் திரும்பி உட்கார்ந்தேன். வேரெல்லாம் கேழ்வரகு ஒட்டினதுபோலச் சின்னச் சின்ன முடிச்சு. பூச்சி முட்டை என்று நினைத்து ஒன்றை நகத்தால் நசுக்கினேன். உள்ளே ரத்தம்.

மண்ணுக்குள் ரத்தம் எப்படி வரும்? ஓடிப்போய் அம்மாவின் மடியில் அந்தச் செடியைப் போட்டேன். "யம்மா, சின்னவன் இங்கதான் கீறான். வேருல ரத்தம் வருது பாரு."

அம்மா ஒரு முடிச்சை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். அழவில்லை. விரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து மூலைக்கு நடந்து, அந்தச் செடியைத் திரும்ப அதே குழியில் வைத்து மண் தள்ளினாள். மறுநாளிலிருந்து கிண்ணியை எடுத்துக்கொண்டு அங்கே வந்தாள். பால் ஊற்ற இடம் கிடைத்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு போட்டு, தானும் ஒரு வாய் தின்றாள்.

இரண்டு நாள் கழித்து எனக்குச் சந்தேகம் வந்தது. யாரும் பார்க்காதபோது பக்கத்துச் செடியைப் பிடுங்கி நசுக்கினேன், சிவப்பு. நடுக்கொல்லையில் ஒன்று, அதிலும் சிவப்பு. வேலி தாண்டி அத்தை கொல்லையில் ஒன்றைப் பிடுங்கினேன், அதிலும். அத்தை வீட்டில் யாரும் சாகவில்லையே. இத்தனை வேரிலும் எத்தனை தம்பி? கை கழுவிக் கழுவி, அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனேன். அவள் எனக்கு ஈர் வலித்து, தலை வாரி, இறுக்கிப் பின்னிவிட்டாள். நான் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாதது பிறகும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு உண்மையான இடம் தெரியுமே. அம்மா வேறொரு மூலையில் போய் உட்கார்ந்திருப்பதை மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார், ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அறுவடையில் எல்லாச் செடியையும் பிடுங்கியபோது மூலையில் நாலு செடியைத் தொடாமல் விட்டார். "எலிக்குப் படையலா?" என்று கேட்டாள் அத்தை. "எலிக்கும் வவுறு கீதுல்ல" என்றார் அப்பா. அந்த வருஷத்து மல்லாட்டையை நான் தின்னவில்லை. அவித்த காயின் வாசனை வந்தால் எழுந்து வெளியே போவேன்.

அதற்குப் பிறகு அந்த மூலையில் ஏர் போகவே இல்லை. அம்மா அங்கே துவரையும் மல்லாட்டையும் கலந்து ஊன்றுவாள், பிடுங்கமாட்டாள். செடி அங்கேயே காயும், வேர் அங்கேயே மக்கும். சருகு, சாணி எதையாவது கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டே இருப்பாள், பிள்ளைக்குப் போர்த்துவதுபோல. மழை பொய்த்துக் கொல்லையெல்லாம் வாடிச் சுருளும்போதும் அந்த மூலை வாடாது. "புள்ள தண்ணி குடுக்குது" என்பாள் அம்மா. அவளுக்கு அடுத்த பிள்ளை தங்கவும் இல்லை. நான் இடம் காட்டியதால்தானோ என்று ரொம்ப நாள் பயந்தேன். பொய்யான இடத்தைக் காட்டினாலும் அந்தச் சொல் பலிக்குமா என்று யாரைக் கேட்பது?

எனக்குக் கல்யாணமாகி மகனும் பிறந்த பிறகுதான் அம்மா இறந்தாள். சின்னவன் பக்கத்து மண்ணில் ஒரு பிடியைத் தன் மேல் போடச் சொல்லியிருந்தாள். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். மூலைக்குப் போகவில்லை. கிழக்கே சாலையோரம் இருந்த புங்கமரத்தின் அடிக்குப் போய், குனிந்து, ஒரு பிடி மண் எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு நடந்துவந்து அம்மாவின் மூலையிலும் ஒரு பிடி எடுத்து, இரண்டையும் துண்டில் கொட்டிக் கலந்தார்.

"நீ காட்டனப்பறந்தான் அவ சோறு துன்னா. நானும் சொல்லல. நீயும் சொல்லாத."

இத்தனை வருஷம் நான் யாருக்கும் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். கொல்லை என் கைக்கு வந்த பிறகு அந்த மூலையில் ஊன்றுவதும் சருகு போடுவதும் நான்தான்.

போன மாதம் வந்த பெண், மூலையிலிருந்து ஒரு மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி, முடிச்சை நசுக்கிக் காட்டினாள். அதே சிவப்பு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் வேருக்குள் குடியிருந்து, காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறதாம், செடி அதற்குச் சர்க்கரை ஊட்டுகிறதாம். சருகுக்குக் கீழே வெள்ளை நூல்போல ஓடியது பூஞ்சையாம். சில பூஞ்சை சருகை மக்க வைக்குமாம். இன்னும் சன்னமானது வேரோடு ஒட்டிக்கொண்டு, வேர் எட்டாத தூரத்திலிருந்து தண்ணீரும் மணிச்சத்தும் கொண்டுவருமாம், ஒரு செடியின் வேரிலிருந்து அடுத்த செடியின் வேருக்கும் போகுமாம். "அப்போ இது ரத்தமில்லையா?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். "ரத்தமில்ல ஆயா. ஆனா நம்ம ரத்தத்தைச் சிவப்பாக்கற பொருளுக்கு இது பங்காளி மாதிரி." நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

என் மகன் பயிர் வைத்திருக்கும் பக்கம் பிடுங்கிய செடியில் முடிச்சே கம்மி. இருந்ததும் உள்ளே வெளுத்துக் கிடந்தது. யூரியாவை அள்ளிக் கொட்டினால் செடி எதற்கு அந்த உயிருக்குச் சோறு போடும், வேண்டாமென்று விட்டுவிடும் என்றாள். களைக்கொல்லி அடித்த மண் அம்மிக்கல்போல இறுகிக் கிடக்கிறது. மூலை மண்ணை எருவில் கலந்து, வருகிற பட்டத்துக்குக் கொல்லை முழுக்கத் தூவச் சொன்னாள். மகன் உடனே கூடையும் மண்வெட்டியும் கொண்டுவந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"மம்முட்டி போடாத. கையால எடு" என்றேன்.

"இன்னாமா, மண்ணுக்கு வலிக்குமா?"

"வலிக்கும். எடு."

முதல் பிடியை நானே எடுத்துக் கூடையில் போட்டேன். அவன் எருவில் கலந்து தூவிக்கொண்டே போனான், நடுக்கொல்லை, கிழக்கு வரப்பு, சாலையோரம் வரைக்கும்.

முள்வேலி இருந்த இடத்தில் இப்போது கம்பி. நரி ஊளையிட்டுக் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது. சாலையை அகலப்படுத்தியபோது புங்கமரம் போய், அதன் அடிமண்மேல் தார் போட்டுவிட்டார்கள். சேலம் பஸ் அதன்மேல்தான் போகிறது. பஸ் போகும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்து, நுண்ணுயிரைப் பற்றியும் பூஞ்சையைப் பற்றியும் நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்துங்கள். ஆடியா ஆவணியா என்பதையும் சரிபாருங்கள், எனக்கு மாசக் கணக்கு குழம்புகிறது. சின்னவன் அந்த மூலையில் இருந்தான் என்று அம்மா சொன்னதை மட்டும் திருத்த வேண்டாம்.