பதிமூன்று என்று எழுதிக் கொடுத்தேன்

என் காருக்குப் பவர் ஸ்டீயரிங் கிடையாது. பழைய எண்ணூறு சிசி வண்டி. பின் சீட்டையும் தரைவிரிப்பையும் கழற்றிப் போட்ட பிறகு இருந்த கொஞ்ச எடையும் குறைந்துவிட்டது. பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருவில் அதற்கு 'டீச்சர் டப்பா' என்று பெயர். பள்ளியில் இயற்பியல் நடத்துகிற ஒருத்தி வருஷத்துக்கு ஒரு நாள் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் ஆட்டோகிராஸ் ஓட்டப் போகிறாள் என்பதை அவர்களால் நம்பவும் முடியவில்லை, அதைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

பெரிய ரேஸ் ஒன்றும் இல்லை. வெட்டவெளித் தார்த்தளத்தில் பிளாஸ்டிக் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான். கூம்பில் இடிக்காமல் யார் சீக்கிரம் சுற்றி வருகிறார்கள் என்று நொடிக் கணக்குப் பார்ப்பார்கள். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. போன வருஷம் பெண்கள் பிரிவில் நான்காவதாக வந்தேன். மூன்றாவதாக வந்தவளுக்கும் எனக்கும் அரை நொடிகூட வித்தியாசம் இல்லை. அந்த அரை நொடி ஒரு வருஷமாக என்னைத் தூங்கவிடவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை. பொங்கல் முடிந்ததிலிருந்து, கரும்பலகையில் எழுதக் கை தூக்கினால் வலது தோள் சுளீர் என்றது. தோள்மூட்டு இறுகிக்கொண்டு வருகிறது, சரியாக வருஷக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். என் கணவரிடம் சொன்னால் "அப்பப் பேசாம வீட்டுல கெட" என்பார். எனவே இந்த வருஷம் ஓட்டுவதுதான் கடைசி என்று நானே முடிவுசெய்து, வாயை மூடிக்கொண்டேன்.

இருக்கிற தோளை வைத்து மூன்று சுற்று ஓட்ட வேண்டும். அதற்கு ஏற்ற சக்கரம் எது? பள்ளி விட்டு வந்து, விடைத்தாள் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பல நாள் இந்தக் கணக்கைத்தான் போட்டேன். வண்டியோடு வந்தது பன்னிரண்டு இஞ்ச். இலேசானது, ஆனால் அந்த அளவில் நல்ல பிடிப்புள்ள டயர் எனக்குக் கிடைக்கவில்லை. பதினாலு இஞ்ச் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கனம். சக்கரம் பெரிதானால் இந்தச் சின்ன எஞ்சினுக்கு இழுக்கத் தெம்பு போதாது. டயர் அகலமானால் ஸ்டீயரிங்கை ஒடிக்கத் தோளில் உயிர் போகும். மெக்கானிக்கிடம் பதிமூன்றில் ஒன்றும் பதினாலில் ஒன்றும் இரவல் வாங்கிப்போய், தெருமுனை மளிகைக்கடைத் தராசில் வைத்தேன்.

"என்ன டீச்சர், இதையும் கிலோக் கணக்குல விக்கப் போறீகளா?" என்றார் கடைக்காரர்.

கடைசியில் பதிமூன்று இஞ்ச், நூற்றைம்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம், பக்கச்சுவர் குட்டை என்று முடிவானது. ஒரு தாளில் பட்டையாக எழுதி என் கணவரிடம் கொடுத்தேன். அவர் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் குத்தகைக்குப் பார்க்கிறவர். ஜீப் டயருக்காகத் தேனிக் கடைக்குப் போகிற வேலை அவருக்கு இருந்தது. நானே போயிருக்கலாம். நான் அளவு சொன்னால் கடைக்காரர் பக்கத்தில் நிற்கிற ஆம்பளையைப் பார்த்துப் பதில் சொல்வார். எத்தனை தடவைதான் அதை நின்று கேட்பது? அலுத்துவிட்டது.

காரோடு போனவர் சாயங்காலம் திரும்பி வந்தபோது கார் உயர்ந்து நின்றது. நாலிலும் பதினாலு இஞ்ச் அலாய் சக்கரம், தடித்த அகல டயர். டயரில் மஞ்சள் குங்குமம். ரப்பரில் எலுமிச்சைச் சாறு காய்ந்திருந்தது. கடையிலிருந்து நேராக வீரபாண்டிக் கோயிலுக்குப் போய், அம்மன் முன்னால் நாலு டயருக்கும் பழம் நசுக்கிவிட்டு வந்திருக்கிறார்.

"நான் எழுதிக் குடுத்தது என்னங்க?"

"பாத்தேன். கடைக்காரர் யார் ஓட்டுறாகன்னு கேட்டார். வீட்டுலன்னேன். அப்பப் பெருசாப் போடுங்கண்ணே, அடி தட்டாதுன்னார். எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு."

எங்கள் ஊரில் டயர் வாங்குகிறவர்கள் மனதில் ஒரு மலைப்பாதை இருக்கும். எந்த வண்டியானாலும் கல்லில் வயிறு இடிக்குமா, கொண்டை ஊசி வளைவில் நிற்குமா என்பதுதான் கேள்வி.

"அங்க கல்லே கெடையாதுங்க. வெறும் பிளாஸ்டிக்குக் கூம்பு."

"நீ முழுசா வந்து சேரணும்ல?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் வண்டி, என் கணக்கு. அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தும் எடுபடவில்லையே என்று அழுகையும் வந்தது. ஆனால் சாமிக்கு முன்னால் பழம் நசுக்கிய டயரை மறுநாளே கழற்று என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வராது. ஏன் பதிமூன்று என்று சொல்லப்போனால் தோளைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் 'போகட்டும்' சோம்பலா, பயமா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

போட்டியன்று முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. இரண்டாவது கியரில் வண்டி முனகியது. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உள்பக்கத் தகரத்தில் உரசிக் கிறீச்சிட்டது. ஒவ்வொரு கூம்புக்கும் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. போன வருஷத்தைவிட நாலு நொடி அதிகம். இரண்டாவது சுற்று அதைவிட மோசம். முடித்து வந்து நிறுத்தியபோது கதவைத் திறக்கக்கூட வலது கை ஒத்துழைக்கவில்லை. இடது கையை நீட்டித் திறந்தேன்.

கூட வந்திருந்த என் கணவர் குனிந்து டயரைப் பார்த்தார். ஓரமெல்லாம் பிய்ந்து தொங்கியது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நேராகப் போய், ஓட்டத்துக்கு முன் காரிலிருந்து இறக்கி ஓரமாக வைத்திருந்த சாமான்மேல் கிடந்த தார்ப்பாயை விலக்கினார். பழைய பன்னிரண்டு இஞ்ச் சக்கரங்கள் நாலும் அடியில் கிடந்தன. தூரப் பயணத்துக்கு மாற்றுச் சக்கரம் இல்லாமல் கிளம்பாத மனுஷன். ஜாக்கியை எடுத்து முட்டி போட்டு உட்கார்ந்தார். தானே பழம் நசுக்கிய சக்கரங்களைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது சுற்றுக்கு என் எண்ணைக் கூப்பிடுகிற நேரத்தில் கடைசி நட்டை முறுக்கி முடித்துவிட்டார்.

"ஏறு. இப்ப ஓடும்."

ஏறி உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்கைப் பிடிக்க வலது கையைத் தூக்கினேன். இடுப்புக்கு மேல் வரவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கி ஸ்டீயரிங்கில் வைத்தேன். வழுகி மடியில் விழுந்தது. அவர் ஜன்னலோரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு கைக்கு?"

"தோள் இறுகிப்போச்சு. பொங்கல்லருந்தே இப்படித்தான். அதுக்குத்தான் பதிமூணு கேட்டேன்."

ஒலிபெருக்கியில் என் எண்ணை இன்னொரு முறை கூப்பிட்டார்கள். அவர் கையைத் தூக்கி, வரவில்லை என்று அவர்களுக்குச் சைகை காட்டினார். பிறகு கிரீஸ் அப்பிய கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் ஏன் அந்த டயர வாங்கப்போறேன்?" என்றார்.

போகவே விட்டிருக்க மாட்டீர்கள் என்று நான் நினைத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். கழற்றிப்போட்ட நாலு சக்கரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தபோது, அது உண்மைதானா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. அடுத்த காரை விட்டார்கள்.