தலையில்லாத ஒட்டகச்சிவிங்கி

என் மனைவியின் தங்கைக்குச் சின்ன வயதிலேயே கால்கள் விளங்காமல் போய்விட்டன. வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே சுவரில் படம் வரைவாள். எங்கள் வீட்டில் அவள் கைக்கு எட்டிய உயரம்வரை மீனும் கொடியுமாக இருக்கும். அதற்கு மேலே நான் அடித்த வெறும் வெள்ளை. நான் பெயின்டர்தான், ஆனால் படம் வரைய வராது.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை வந்தபோது, சுவரில் படம் போட அவளையும் சேர்த்துவிட்டேன். வீட்டுக்கு வெளியே அவளுக்குக் கிடைத்த முதல் சுவர். பூனை, முயல் என்று அடக்கமாக ஏதாவது போட்டிருக்கலாம். அத்தனை மிருகத்தையும் விட்டுவிட்டு ஒட்டகச்சிவிங்கியைப் பிடித்தாள்.

கால் நான்கும் அவ்வளவு ஜோர். குளம்பில் ஒட்டிய மண்கூடத் தெரிந்தது. வயிறு வந்தது, கழுத்து தொடங்கியது, அதற்கு மேல் கை எட்டவில்லை. நீளக் குச்சியில் பிரஷைக் கட்டிக் கொடுத்தேன். இரண்டு கோடு இழுத்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"குச்சி பிடிச்சா கோடு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது மாமா."

"எட்டாதுன்னு தெரிஞ்சும் இதை ஏன் தொட்ட?"

"நின்னு வரையறவங்க குளம்பை ஒழுங்கா பாக்குறதில்ல. எனக்கு அதுதான் கிட்ட இருக்கு."

அப்போது பார்த்து ஆஸ்பத்திரி மேலாளர் வந்தார். "என்னங்க இது, தலையில்லாம நிக்குது. குழந்தைங்க பயந்துடும். நாளைக்கு வார்டு திறக்கணும், வெள்ளையடிச்சு மூடிடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் பிரஷைக் கழுவத் தொடங்கினாள். இரண்டு ஆளுக்கான வாய் மூடிக்கொண்டது.

முதுகுவலி வேறு. பக்கத்துக் கட்டிலில் படுத்தேன். படுத்தால் சுவர் எங்கே தெரிகிறது? தெரிந்ததெல்லாம் நான் அடித்த சீலிங்தான். இத்தனை வருஷத்தில் ஒரு சீலிங்கையாவது படுத்துப் பார்த்திருக்கிறேனா? அவள் இருந்த இடத்திலிருந்து குளம்பைப் பார்த்தாள். இங்கே படுக்கிற பிள்ளை எதைப் பார்க்கும்?

ஏணியைப் போட்டேன். அவள் விட்ட கழுத்தை மேலே இழுத்து, சீலிங்கில் வளைத்து, கட்டிலுக்கு நேர் மேலே தலையைக் குனியவைத்தேன். கண் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் போனது. கீழே இருந்தவள் சும்மா விட்டாளா?

"கொம்பு காது மாதிரி இருக்கு. கொஞ்சம் சிரிக்க வைங்க மாமா, உங்க மூஞ்சி மாதிரி உம்முன்னு இருக்கு."

வாய் திரும்பி வந்துவிட்டது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் இன்னும் நாலு திட்டு வாங்கியிருப்பேன்.

காலையில் வந்த மேலாளர் சுவரைப் பார்த்ததும் கடுகடுத்தார். "மூடச் சொன்னேனே?"

"கட்டில்ல படுத்துப் பாருங்க சார்" என்றாள் அவள். "செருப்பைக் கழட்டிட்டு."

மனுஷர் படுத்தார். மேலே பார்த்தார். எழுந்திருக்காமலே கையை மட்டும் நீட்டி அடுத்த கட்டிலைக் காட்டினார்.

"அந்தக் கட்டில் குழந்தை சண்டைக்கு வருமே?"

அவள் அதற்குள் நாற்காலியை அந்தப் பக்கம் உருட்டிப் போய்க் குளம்பைத் தொடங்கியிருந்தாள்.

"மாமா, ஏணியை இங்க கொண்டாங்க. இந்தத் தடவையாவது ரெண்டு கண்ணும் ஒரே அளவா இருக்கட்டும்."