பச்சை முகம் ஒட்டிய வியாழக்கிழமை

அந்தப் பெண்ணை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. கச்சான் காற்று தொடங்கி நான்காம் நாள், திங்கட்கிழமை, காலை எட்டு நாற்பது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பாலர் பாடசாலைக்கு அவர் வந்து இறங்கியபோது பெற்றோர் குழுவின் செயலாளர் என்ற முறையில் நான்தான் வாசலில் நின்றேன். பக்கத்து ஊர்க்காரி. பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். மேற்படிப்புக்கு ஆய்வு ஒன்று செய்கிறாராம். நாலு வயதுப் பிள்ளைகளிடமே அவர்களுடைய பாடசாலையைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் கேட்கப் போகிறாராம்.

"பிள்ளைகளப் பத்திப் பெரியாக்கள்ட்டயே கேட்டுக் கேட்டுப் போதும் சேர்" என்றார்.

அந்தப் 'போதும்' எனக்குக் குத்தியது. இந்த ஊரில் எந்த வீட்டில் எப்போது ஆள் இறந்து மையித்து விழுந்தது, எந்த நாள் கடல் உள்ளே வந்தது, எந்த வருடம் வேளாண்மை அழிந்தது என்பதையெல்லாம் இருபத்திரண்டு வருடமாகக் கொப்பியில் எழுதி வருகிறவன் நான். விடயம் தெரிந்தவனிடம் கேட்காமல் பால்பல் விழாதவர்களிடம் கேட்பது ஓர் ஆய்வா என்று மனதுக்குள் ஏசினேன்.

சம்மதப் படிவங்களைத் தந்துவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டம் வைத்து எல்லாவற்றையும் விளக்குவதாகவும், அதன் பிறகு கையெழுத்து எடுப்போம் என்றும் சொல்லிப் போனார். எங்கள் ஊரில் வாப்பாமாரை ஒன்றாகப் பிடிக்கக்கூடிய நேரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடுதான். ஆகவே அந்த வெள்ளியே பள்ளிவாசலுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் சீற்றில் வைத்து எல்லாப் படிவங்களுக்கும் ஒப்பம் எடுத்துவிட்டேன்.

"என்ன காக்கா, எலக்சனா?" என்று கேட்டுக்கொண்டே என்னைவிட இளையவர் ஒருவர் பேனையை வாங்கினார்.

"புள்ளயள்ட்டக் கேள்வி கேக்கப் போறாங்களாம்."

"கேக்கட்டும். என்ட மகன் என்னவும் செல்லினா எனக்கும் செல்லுங்க. ஊட்டுல வாயே துறக்கிறானில்ல."

சிரித்துக்கொண்டே ஒப்பமிட்டார். என் மகளின் படிவத்தில் நானும் இட்டேன். ஒவ்வொன்றிலும் திகதியை என் கையாலேயே எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு உம்மாமார் மட்டும் வந்தார்கள். நான் கட்டாகக் கொடுத்த படிவங்களைப் புரட்டிய அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

"சேர், இது போன வெள்ளி."

"ஓம். வெள்ளிக்கிழமதான் ஒப்பம் வெச்ச. நான் பொய்த் திகதி போடுற ஆள் இல்ல."

"திகதி பிழையெண்டு நான் செல்லல்ல. என்ன ஏதெண்டு தெரியாம வெச்சிரிக்காங்க. அதான் பிழை."

"அப்ப எங்கட ஊராக்கள் மடையனுகளா?"

அவர் உம்மாமாரிடம் திரும்பி, விளக்கம் கேட்டபின் புதிதாக ஒப்பம் வைக்க முடியுமா என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த ஒருத்தி மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள். "வாப்பாமார் வெச்சிட்டாங்கதானே மிஸ். இனி நாங்க என்னத்த வெக்கிற?" யாரும் பேனையைத் தொடவில்லை. கடைசியில் அவர் வெள்ளிக்கிழமைப் படிவங்களையே பைக்குள் வைத்தார். அவர் தோற்றதை நான் ரசித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

பிள்ளைகளிடமும் தனியாகச் சம்மதம் கேட்பது அவருடைய முறை. இரண்டு ஸ்டிக்கர்கள்: சிரிக்கும் பச்சை முகம், வாய் தொங்கிய சிவப்பு முகம். கதைக்க விருப்பமான பிள்ளை பச்சையை வகுப்புப் பலகையில் ஒட்டும். விருப்பமில்லாத பிள்ளை சிவப்பை ஒட்டிவிட்டு ஊஞ்சலுக்குப் போகலாம். இது எங்கள் டீச்சருக்குச் சரிப்பட்டு வரவில்லை. அவருடைய பாடசாலைக்கு ஒத்திகை இல்லாமல் எந்த விருந்தாளியும் வந்ததில்லை. ஸலாம் சொல்வது, பாட்டு, கைகட்டி இருப்பது எல்லாம் முதல்நாளே பழக்கிவிடுவார். புதன்கிழமை முகமும் பழக்கினார்.

"என்ட புள்ளயள் ஒருத்தரும் செவப்பு ஒட்டப்படா. வந்தவங்கட மொகத்துல அடிச்ச மாதிரிப் போயிரும்."

அன்று பின்நேரம் மகள் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் கடதாசித் துண்டுகளை ஒட்டி, "பச்சதான் நல்ல புள்ள, பச்சதான் நல்ல புள்ள" என்று பாடமாக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்கியது. டீச்சரிடமும் அந்தப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஆய்வு குட்டிச்சுவராகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை இருபத்து மூன்று பிள்ளைகளும் பச்சை ஒட்டினார்கள். ஒரு சிவப்புக்கூட இல்லை. அந்தப் பெண் பலகையை வெகுநேரம் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், பிறகு பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பாயில் இருத்தி நடுவில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தார்.

பிள்ளைகளின் வரவு இடாப்புப் பார்க்கும் சாட்டில் நான் விறாந்தையில் இருந்தேன். யன்னல் கம்பியூடாக மகள் தெரிந்தாள். கருவியை எடுத்துத் தன் தண்ணீர்ப் போத்தல் பைக்குள் திணித்தாள். அந்தப் பெண் சிரித்தபடி வெளியே எடுத்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் மகள் அதைப் பாவாடைக்குக் கீழே வைத்து அதன்மேல் குந்திக்கொண்டாள். அவர் மறுபடியும் மெல்ல எடுத்தார். அதற்குப் பிறகு மகள் கையை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

பதினொன்றரைக்குப் பாடசாலை விட்டது. அந்தப் பெண் சந்தோஷமாக என்னிடம் வந்தார். "சேர், உங்கட மகள்தான் ஆகக் கூடக் கதைச்ச. கொஞ்சம் கேக்கிறீங்களா?"

கருவியைத் தட்டினார். மகளின் குரல், சில விநாடிகள்தான். என்னைப் பற்றியது. என்னவென்று இங்கே எழுத மாட்டேன். இந்தக் கதையை எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். இப்போது ஆண்டு இரண்டில் படிக்கிறாள். அதை விட்டுவிட்டு மற்றதை எழுதலாம் என்றாள்.

எனக்குக் காது சூடாகியது.

"அழிங்க."

"சேர்?"

"இப்பவே அழிங்க. ரெண்டு தரம் ஒளிச்சு வெச்சாள் புள்ள. வாணாண்டுதானே அதுக்குக் கருத்து? நீங்க படிச்ச படிப்புல அது இல்லயா? டீச்சர் பாடமாக்கிக் குடுத்த பச்சயப் பாத்து ஏமாறுறதுக்கா பல்கலைக்கழகம்?"

உள்ளேயிருந்து டீச்சர் குரல் கொடுத்தார். "காக்கா, என்ன இழுக்க வாணா. பள்ளி வாசல்ல வெச்சு ஒப்பம் எடுத்த ஆள் நானில்ல."

அந்தப் பெண் கருவியைக் கைக்குள் பொத்திக்கொண்டார். "ஓம் சேர். ஒளிச்சு வெச்ச உடன நான் நிப்பாட்டியிரிக்கணும். உங்களுக்குப் போட்டுக் காட்டினது அதவிடப் பிழை. ஆனா நீங்க செல்லி அழிக்க மாட்டன். மகள்ட்டக் கேட்டு, அவ செல்லினா அழிப்பன்."

"நான் வாப்பா. படிவத்துல ஒப்பம் வெச்சது நான்."

"ஒளிச்சு வெச்சது நீங்க இல்லயே சேர்."

"கேளுங்க! வடிவாக் கேளுங்க! அவள் செல்லுறதுதான் முடிவு."

இதை ஒழுங்கைக்கே கேட்கச் சத்தமாகச் சொன்னேன். பிள்ளையை அழைத்துப் போக வந்த உம்மாமார் நின்று பார்த்தார்கள். மகள் அழிக்கத்தான் சொல்வாள் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகம் இருக்கவில்லை. அவளுடைய உரிமைக்காகக் கத்துகிறேன் என்றே எனக்கும் தோன்றியது. நான் கேட்ட அந்தச் சில விநாடிகள் உலகத்தில் எங்கும் இருக்கக் கூடாது என்பதுதான் உண்மையான கோபம்.

"அப்ப நீங்க கேற்றுக்கு வெளிய நில்லுங்க. டீச்சரும் கொஞ்சம் தள்ளி நிக்கணும்."

செயலாளரான என்னையே எங்கள் பாடசாலைக்கு வெளியே நிறுத்தினார். உச்சி வெயிலில் கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சறுக்குப் பலகைக்குப் பக்கத்தில் அவர் மகளுக்கு முன்னால் குந்தி, கருவியைக் காட்டி, அதிலிருந்த பொத்தான் ஒன்றையும் காட்டி என்னவோ சொன்னார். மகள் கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு தரம் கேற்றுப் பக்கம் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் பையைத் திறந்து, கருவியை உள்ளே போட்டு, சிப்பை இழுத்து மூடி, பையின் மேல் ஏறி இருந்துகொண்டாள். இருவரும் இன்னும் கொஞ்சம் கதைத்தார்கள். அவர் எழும்பி என்னிடம் வந்தார்.

"வாப்பாட்டச் செல்லட்டா எண்டு நான் கேட்ட. அவ ஓமெண்டா. அதான் செல்லுறன். அழிக்க வாணாவாம். என்னட்டயே இரிக்கட்டாம். வாப்பா கேக்கப்படாதாம்."

"ஒளிச்சு வெச்சாளே?"

"இந்தப் பொட்டி உங்கட எண்டு நெனச்சிரிக்கா. அதுக்குள்ள செல்லுறதெல்லாம் உங்கட கொப்பிக்குப் போயிருமாம். கொப்பிய நீங்க தேத்தண்ணிக் கடையில வாசிப்பீங்களாம். எல்லாரும் சிரிப்பாங்களாம்."

அவள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து, அவள் சொன்ன வேடிக்கைகளையெல்லாம் நேரத்தோடு எழுதி வைத்திருந்தேன். வாசித்துக் காட்டியதும் உண்மை. ஒரு தரம் அவளும் கூட நின்றாள். எல்லாரும் சிரித்தபோது அவளும் சிரித்தாள் என்றே அன்று எழுதியிருக்கிறேன்.

'அழியுங்கள்' என்ற சொல் மறுபடியும் நாக்கு நுனிக்கு வந்தது. டீச்சர் விடவில்லை. "என்ன காக்கா பேச்சக் காணல்ல? அவள் செல்லுறதுதான் முடிவெண்டீங்க?"

உம்மாமாரில் ஒருத்தி முகத்தை முக்காட்டால் மூடிச் சிரித்தாள்.

"முடிவுதான்" என்றேன்.

அந்தப் பெண் என்னை விடவில்லை. புதிய படிவம் ஒன்றை எடுத்து, வெயிலில் நின்றபடியே முதல் வரியிலிருந்து வாசித்து விளக்கினார். குரல் யாரிடம் இருக்கும், எவ்வளவு காலம் இருக்கும், மகள் எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம், நான் கேட்டாலும் எனக்குத் தரப்பட மாட்டாது. ஒவ்வொரு வரிக்கும் "விளங்குதா சேர்?" என்றார். அவர் மேல் இருந்த வெறுப்பு ஒரு இம்மியும் குறையவில்லை. விளங்குது என்று ஒவ்வொரு தரமும் சொல்லி, கடைசியில் ஒப்பமிட்டு வியாழக்கிழமைத் திகதியை எழுதிக் கொடுத்தேன்.

படிவத்தை வைப்பதற்கு அவருக்குப் பை தேவைப்பட்டது. நானும் அவருக்குப் பின்னால் சறுக்குப் பலகை வரைக்கும் போனேன்.

"மகள், கொஞ்சம் எழும்புறீங்களா?"

மகள் எழும்பவில்லை. என்னைப் பார்த்தபடியே இரண்டு கையாலும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நான் திரும்பிப் போய்க் கேற்றுக்கு வெளியே நின்றேன். அப்போதுதான் எழும்பினாள்.