சுவருக்கு அந்தப் பக்கம் பேசியவர்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரும் பள்ளிவாசல் சுவரும் ஒட்டினாற்போல இருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் நான் குழம்பு தாளிக்கும்போது, அந்தப் பக்கம் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்தின் பயான், அந்த வாரப் பிரசங்கம், வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். தெருவில் வேறு யாருக்கும் கேட்காது. மேலே இருக்கிற கூம்பு ஸ்பீக்கர் பாங்கு சொல்ல மட்டும்தான். பயானுக்கு அதை அணைத்துவிட்டு, உள்ளே இருக்கும் சின்னப் பெட்டியில் பேசுவார்கள். தெருவுக்குத் தொந்தரவு வேண்டாமென்று அவர்களாக வைத்துக்கொண்ட வழக்கம் அது.

அந்த ஹஜ்ரத் எங்கள் மாடியில்தான் குடியிருந்தார். மனைவி நிறைமாதம். சாயங்காலத் தொழுகை முடிந்து அவர் வாசலுக்கு வரும்போது, தெருப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். பயந்த பிள்ளை, பால் குடிக்காத பிள்ளை, எல்லாம் எங்கள் சாதிசனத்துப் பிள்ளைகள்தான். அவர் ஏதோ ஓதி நெற்றியில் ஊதுவார். என் மகளுக்கும் ஊதியிருக்கிறார்.

அப்போதுதான் எங்கேயோ ஒரு ஊரில் குண்டு வெடித்தது. வைத்தவர்கள் அல்லாவின் பெயரைச் சொல்லி வைத்தார்களாம். சிதறிக் கிடந்த செருப்புகளை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மறுநாள் சாயங்காலம் பள்ளிவாசல் முன்னால் ஒரு பிள்ளையும் இல்லை. ஹஜ்ரத் மட்டும் வெளியே வந்து நின்று, காலியான தெருவைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு எந்த வீட்டிலும் குழந்தை அழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பேசியதைக் கேட்டேன். "நம்ம மார்க்கத்துப் பேரைச் சொல்லி அப்பாவிங்களைக் கொன்னவனுக்காக ஒருத்தரும் கை ஏந்தி வேண்டாதீங்க. அவன் செஞ்சது ஹராம். அவன் நம்மாளு இல்ல." நான் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் வந்தாள்.

"அண்ணே, ஒரு வார்த்தை கண்டிச்சாங்களா? வாயே தொறக்கலியே! இவங்களைப் போயி மாடியில வச்சிக்கினு இருக்கீங்க."

"இன்னிக்கு மத்தியானம் கண்டிச்சாருடி! அடுப்படியில நின்னு நானே கேட்டேன்" என்றேன்.

"உனக்கு மட்டும் எப்பிடிக்கா கேக்குது?"

கேலியாகக் கேட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் நிஜமான கவலையோடு என் முகத்தைப் பார்த்தாள், காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல. ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர்தான் முடிவு சொன்னார். "வர்ற வெள்ளிக்கெழம தெருவுக்கே கேக்கறா மாதிரி சொல்லட்டும். சொன்னா இருக்கட்டும். இல்லன்னா காலி பண்ணச் சொல்லிடறேன்."

மாடிக்குப் போய்ச் சொன்னேன். ஹஜ்ரத் கோபப்படவில்லை. "வெளிய போட்டா உங்களுக்கெல்லாம் தொந்தரவாச்சேன்னுதாம்மா போடல. போட்டுடறேன்" என்றார். அவர் மனைவி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூம்பு ஸ்பீக்கர் பேசியது. நான் வாசலிலேயே நின்றேன். எதிர்வீட்டுக்காரி மொட்டைமாடியில் காயப்போட்ட மல்லாட்டைக் கடலையைக் கிளறிக்கொண்டிருந்தாள், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே. "அவன் செஞ்சது ஹராம்" என்ற குரல் தெருமுனை வரை போனது. அவள் குனிந்த தலை நிமிராமல் இறங்கிப் போய்க் கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது. அதற்கடுத்த வீடு. அதற்கடுத்தது. ஒருத்தரும் படாரென்று சாத்தவில்லை, தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சாத்தினார்கள். எங்கோ ஒரு டிவியின் சத்தம் கூடியது. உச்சிவெயிலில் ஆளில்லாத தெருவில் அந்தக் குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் மறுபடி வந்தார்கள். "பாத்தீங்களாண்ணே, இன்னிக்கும் ஒரு வார்த்தை சொல்லல."

"அடிப்பாவி! மல்லாட்ட கெளறிக்கினு நேரா நின்னியேடி!"

"கரண்டே இல்லியேக்கா."

"அப்புறம் டிவி மட்டும் தண்ணியிலயா ஓடிச்சு?"

யாரும் சிரிக்கவில்லை, சண்டைக்கும் வரவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி, பரிதாபமாக என்னைப் பார்த்தார்கள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அன்றைக்கு மதியம் அவர் வீட்டில்தான் இருந்தார். குனிந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹஜ்ரத் மாடியைக் காலி செய்து, மனைவியை விழுப்புரத்தில் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பள்ளிவாசல் அறையிலேயே தங்கிக்கொண்டார். சாவியைக் கொடுக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏம்மா, அன்னிக்கு நான் பேசுனேன் இல்ல?"

"பேசுனீங்க ஹஜ்ரத்" என்றேன். சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் குரல் எழுந்தது. அதே வார்த்தைகள். சோற்றை எடுத்த அவர் கை வாய்க்குப் போகாமல் நடுவிலேயே நின்றது. ஹஜ்ரத் பேசி முடிக்கும்வரை அது அப்படியே நின்றது. சோற்றுப் பருக்கைகள் ஒவ்வொன்றாக இலையில் உதிர்ந்தன. முடிந்ததும்தான் வாயில் போட்டுக்கொண்டார்.

"கேட்டீங்க இல்ல?" என்றேன்.

"இன்னாத்த?" என்றார். "ரசத்த ஊத்து."